‘எப்படி’ என்று கேட்ட இளைஞன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பணி ஓய்வுக்குப் பிறகு என் காலைப்பொழுது முழுவதும் சமூக ஊடகத்தில் கழிகிறது. போர்ச் செய்தி, பெருநிறுவனத் தலைவர்களின் சம்பளம், சமையல் காணொளி என்று எதைப் பார்த்தாலும் கருத்து எழுதிவிடுகிறேன். சென்ற வாரம் ஒரு தலைமைச் செயல் அதிகாரியின் சம்பளத்தைப் பகற்கொள்ளை என்று எழுதினேன். ‘அது எப்படி முடிவாகிறது என்று உங்களுக்குத் தெரியுமா?’ என்று ஓர் இளைஞன் கேட்டான். பதில் தெரியாததால் அவனைத் திட்டிவிட்டேன். அன்றே, பயறு ஊறவைக்கும் நீரில் உப்புப் போட்ட ஒரு பெண்ணின் காணொளியின் கீழே, ‘இப்படிச் செய்தால் பயறு வேகவே வேகாது, அடிப்படைகூடத் தெரியவில்லை’ என்று எழுதினேன். அதைப் படித்த என் மகள், ‘அப்பா, நீங்கள் கடைசியாக அடுப்பைப் பற்றவைத்தது எப்போது?’ என்று கேட்டாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சமூக ஊடகத்தை விட்டு விலகிவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தூக்கம் வராமல் போனது நல்லதுதான். மகளின் ஒரு வரி உங்களை அவ்வளவு தூரம் கலைத்திருக்கிறது என்றால், நீங்கள் இன்னும் கேட்கக்கூடியவராகத்தான் இருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்துக்கொண்டவன் அந்த இளைஞன். ‘ஏன்’ என்ற கேள்விக்கு நம் எல்லோரிடமும் பதில் இருக்கிறது, ‘எப்படி’ என்ற கேள்விக்கு இல்லை என்பதைப் பற்றிச் சில மாதங்களாகவே யோசித்து வருகிறேன்.

லியோனிட் ரோசன்பிளிட், ஃபிராங்க் கீல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஜிப், பூட்டு போன்ற அன்றாடப் பொருள்கள் இயங்கும் விதம் தங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று ஆய்வில் பங்கேற்றவர்களை முதலில் மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு அதைப் படிப்படியாக விளக்கி எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்தவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டார்கள். தினமும் இழுத்து மூடும் ஜிப்பின் கதையே இது. 2013இல் ஃபிலிப் ஃபெர்ன்பாக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதே சோதனையை அரசியல் கொள்கைகளை வைத்துச் செய்தார்கள். ஒரு கொள்கையை ஆதரிப்பதற்கான காரணங்களைப் பட்டியலிடச் சொன்னபோது யாருடைய வேகமும் குறையவில்லை. அந்தக் கொள்கை எப்படிச் செயல்படும் என்று விளக்கச் சொன்னபோது நிலைப்பாடுகள் தணிந்தன. இதையெல்லாம் படிக்காமலேயே அந்த இளைஞன் உங்களிடம் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறான். நீங்கள் அவனைத் திட்டியிருக்கிறீர்கள்.

இருபத்தைந்து வயதில் நான் ஒரு நிறுவனத்தின் செயலாளர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். தலைவரின் சம்பளத்தை உயர்த்தும் தீர்மானத்துக்காக, அதே தொழிலில் உள்ள பிற நிறுவனத் தலைவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்ற ஒப்பீட்டுப் பட்டியலைத் தட்டச்சு செய்யும் பொறுப்பு என்னுடையது. முதல் படியில் பன்னிரண்டு பெயர்கள் இருந்தன. மேலதிகாரி அவற்றில் நான்கைப் பென்சிலால் அடித்தார். நான்கும் குறைவாகக் கொடுக்கும் நிறுவனங்கள். ‘இவற்றை நம்மோடு ஒப்பிட முடியாது’ என்றார். மீண்டும் தட்டச்சு செய்தேன். மிஞ்சிய எட்டின் நடுவே வைத்துப் பார்த்தபோது எங்கள் தலைவர் மற்றவர்களைவிடக் குறைவாக வாங்குபவராகத் தெரிந்தார். இயக்குநர் குழுவில் யாரும் கேள்வி எழுப்பவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

பட்டியலில் இருந்து ஒரு பெயரைக்கூட அடிக்காமல் நேர்மையாகத் தயாரித்தாலும் சம்பளம் ஏறத்தான் செய்யும் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. தன் தலைவர் சராசரிக்கும் கீழானவர் என்று ஒப்புக்கொள்ள எந்த இயக்குநர் குழுவும் விரும்புவதில்லை. ஆகவே ஒவ்வொரு குழுவும் நடு அளவுக்கோ அதற்கு மேலோ கொடுக்க முனைகிறது. இவ்வாண்டு ஒருவர் பெற்ற உயர்வு அடுத்த ஆண்டு இன்னொருவரின் பட்டியலில் அளவுகோலாக ஏறிவிடுகிறது. இதில் கொள்ளைக்காரன் என்று ஒருவனைச் சுட்டிக்காட்ட முடியாது. அதனால்தான் உங்கள் ஒற்றைச் சொல் அங்கே எதையும் அசைக்கவில்லை.

எப்படி என்று பார்க்காத கோபம் சட்டமாகவே ஆனாலும் வழிதவறும். அமெரிக்கா 1993இல், பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களின் தலைமை நிர்வாகிகளுக்குத் தரும் சம்பளத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகையை வரிக்கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது என்று விதித்தது; ஆனால் செயல்திறனுக்கேற்ற ஊதியத்துக்கு விலக்கு அளித்தது. நிறுவனங்கள் அந்த விலக்கின் வழியாக நுழைந்தன. பங்குகளைக் குறித்த விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமை, அதாவது ஸ்டாக் ஆப்ஷன், அந்தப் பத்தாண்டில் பெருகியது. மொத்த ஊதியமும் ஏறிக்கொண்டே போனது. விலக்கை நீக்க 2017 வரை ஆயிற்று. சுவிட்சர்லாந்து மக்கள் 2013 மார்ச்சில், பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களின் மேல்மட்ட ஊதியத்தைப் பங்குதாரர்களின் கட்டாய வாக்கெடுப்புக்கு உட்படுத்தும் யோசனையை ஏற்றார்கள். அதே ஆண்டு நவம்பரில், ஒரு நிறுவனத்தின் மிகக் குறைந்த சம்பளத்தைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் யாருக்கும் தரக்கூடாது என்ற யோசனையை ஏறத்தாழ 65 சதவீதத்தினர் நிராகரித்தார்கள். அந்த இரண்டாவது முடிவில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் ஒரே கோபத்தை இரண்டு வழிமுறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொன்னவர்கள் அவர்கள் என்பதை மதிக்கிறேன்.

போர்ச் செய்திகளைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. ஏதாவது ஒரு நிலப்பகுதியைத் தேர்ந்தெடுத்து ஓராண்டு தொடர்ந்து படியுங்கள். மற்றவற்றைப் பற்றி எழுதாமல் இருப்பதால் யாருக்கும் நட்டமில்லை.

பயறு விஷயத்தை மட்டும் என்னால் விட முடியவில்லை. உலகத்துப் போரில் நீங்கள் சொன்னது சரியா என்பதை யாரும் உங்களுக்குச் சோதித்துக் காட்டப்போவதில்லை. சம்பளத்தில் அது தெரியவரச் சில பத்தாண்டுகள் ஆகும். சமையலில் ஒரு பொழுது போதும். அந்தச் சிறிய சோதனையைக்கூடச் செய்து பார்க்காமல், செய்து காட்டிய ஒரு பெண்ணை அடிப்படை தெரியாதவர் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அவர் செய்ததுதான் சரி. பயற்றின் தோலை இறுக்கிப் பிடித்திருப்பவை பெக்டின் என்ற பொருளோடு பிணைந்த கால்சியமும் மக்னீசியமும். ஊறும் நீரில் உள்ள உப்பின் சோடியம் அவற்றில் ஒரு பகுதியின் இடத்தைப் பிடிக்கும்போது தோல் இளகுகிறது. வேக விடாமல் தடுப்பவை புளிப்பும் கடின நீரும்தான். பழி மட்டும் காலங்காலமாக உப்பின்மேல் விழுந்திருக்கிறது.

சமூக ஊடகத்தில் இருப்பதா விலகுவதா என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். அதற்குமுன் இன்றிரவே இரண்டு பாத்திரங்களில் ஒரே அளவு பயறை ஊறவையுங்கள். ஒன்றில் மட்டும் உப்பைப் போடுங்கள். காலையில் இரண்டையும் தனித்தனியாக வேகவைத்து, மகளைக் கூப்பிட்டு இருவருமாக விரலால் நசுக்கிப் பாருங்கள். பிறகு அந்தப் பெண்ணுக்கும் அந்த இளைஞனுக்கும், நீங்கள் திட்டிய அதே இடத்தில், உங்கள் பெயரிலேயே இரண்டு வரி எழுதுங்கள்.

அன்புடன்.