இங்கிலாந்தின் கிராக்சைடு மாளிகை முதலில் வெறும் லாட்ஜ்தானா (விடுமுறையில் தங்கும் சின்ன வீடு)? ஏன் அது இவ்வளவு கோணல்மாணலாக இருக்கிறது?

ஆமாம், லாட்ஜ்தான். நியூகாசிலில் பீரங்கியும் கிரேனும் செய்து பணம் பார்த்த வில்லியம் ஆம்ஸ்ட்ராங், 1863இல் நார்தம்பர்லாந்தின் ராத்பரி பக்கம் இடம் வாங்கி, விடுமுறைக்குத் தங்க ஒரு சின்னக் கல்வீடு கட்டினார். மனிதருக்கு அங்கேயே மனம் ஒட்டிக்கொண்டது. 1869இல் கட்டடக் கலைஞர் நார்மன் ஷாவை அழைத்தார். ஷா பழைய வீட்டை இடிக்காமல், பாறைச் சரிவில் அதைச் சுற்றியே சுமார் பதினைந்து ஆண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போனார், அதனால்தான் இந்தக் கோணல்மாணல். முகப்பில் தெரியும் கறுப்பு வெள்ளை மரச்சட்ட முக்கோணங்கள் தென் இங்கிலாந்துப் பாணி, கல்வீட்டு ஊரான அந்த வடக்குக்குச் சம்பந்தமே இல்லை. அழகுக்காகச் செய்த வேஷம்தான், ஆனால் எனக்குப் பிடிக்கும்.

உள்ளேதான் விசேஷம். ஏரித் தண்ணீரில் டைனமோ ஓட்டி 1878இல் ஆர்க் விளக்கு (இரண்டு கரித்துண்டுகளுக்கு நடுவே மின்பொறியால் எரிவது) எரித்தார்கள், 1880இல் மின்பல்பு கண்டுபிடிப்பாளர்களில் ஒருவரான ஜோசப் ஸ்வானின் பல்புகள் வந்தன. நூலகத்தில் எனாமல் பூசிய செம்பு ஜாடிகளே விளக்குத் தண்டுகள். ஜாடியே ஒரு மின்கம்பி மாதிரி, இன்னொரு கம்பி ஜாடிக்குள் இறங்கி, அதன் முனை அடியில் உள்ள பாதரசக் கிண்ணத்தில் தொட்டுக்கொண்டிருக்கும். அணைக்க வேண்டுமா? ஜாடியைத் தூக்கினால் போதும். ஷாக் அடிக்காதா என்று கேட்காதீர்கள், இன்றைக்கு எந்த எலக்ட்ரீசியனும் ஒத்துக்கொள்ள மாட்டார். 1977 முதல் வீடு பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை வசம், போய்ப் பார்க்கலாம்.