அத்தான் பெயரில் வந்த கார், உங்கள் பணத்தில் வாங்கிய கார்

கேள்வி: மார்த்தாண்டம் அருகே ரப்பர் ஷீட் வியாபாரம் செய்கிறேன். அக்காவும் அத்தானும் இங்கிலாந்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டார்கள். வலது பக்க ஸ்டியரிங் உள்ள டொயோட்டா ஜிஆர் சுப்ரா கார் மீது எனக்கு நெடுநாள் ஆசை. எர்ணாகுளத்துத் தரகர் ஒருவர், நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர் என்ற பிரிவில் அத்தான் பெயரில் காரை இறக்கிப் பிறகு என் பெயருக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார். வங்கி மூலம் 38 லட்சமும் ரொக்கமாக 6 லட்சமும் அவரிடம் கொடுத்தேன். 2021-இல் தயாரான அந்தக் கார் கப்பலேறுவதற்குச் சில மாதங்கள் முன்புதான் அத்தான் பெயரில் வாங்கப்பட்டது. இன்வாய்ஸில் நான் கொடுத்ததில் பாதி விலைதான் இருக்கிறது. கொச்சியில் சுங்கத்துறை காரை நிறுத்திவைத்து எங்கள் இருவருக்கும் சம்மன் அனுப்பியுள்ளது. மானம் போய்விட்டது என்று அத்தான் கத்துகிறார், அக்கா பேசுவதில்லை. பழைய தேதியில் கைமாற்றுக் கடன் பத்திரம் எழுதச் சொன்ன தரகர் இப்போது போனை எடுப்பதில்லை. அவர் மீது மோசடிப் புகார் கொடுக்கலாமா? பின்னால் வாங்கியவர் சுங்க வரி கட்டத் தேவையில்லை என்று ஒரு போர்ஷே கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதாமே, அதைக் காட்டிக் காரை எடுக்க முடியுமா?

பதில்: மேலே சுருக்கித் தந்திருக்கும் உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி தரகரின் பேச்சைப் பற்றியும், கிறிஸ்துமஸ் அன்று அக்கா வீட்டில் நடந்ததைப் பற்றியும், ஸ்டியரிங் வலது பக்கம்தானே இருக்கிறது, பிறகு என்ன தடை என்ற ஆதங்கத்தைப் பற்றியுமே இருந்தது. இவை எதுவும் வழக்கைத் தீர்மானிக்கப்போவதில்லை. ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும் என்பது பல நிபந்தனைகளில் ஒன்று மட்டுமே. கார் துறைமுகத்தை விட்டு வெளியேறும் முன்பே உங்கள் பணம் அதற்குள் போய்விட்டதா என்பதுதான் இங்கே சட்டம் கேட்கும் ஒரே கேள்வி. போய்விட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் கேள்விப்பட்ட போர்ஷே தீர்ப்பு உண்மையானது. கொச்சி சுங்க ஆணையர் எதிர்த்தரப்பாக இருந்த அந்த வழக்கில், 2002-இல் இறக்குமதியான ஒரு போர்ஷே கரேராவைப் பிற்பாடு கைமாற்றி வாங்கியவர் இறக்குமதியாளர் அல்லர் என்பதால் அவரிடம் சுங்க வரி கேட்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அவர் உள்நாட்டில் பதிவாகி ஓடிக்கொண்டிருந்த காரை வாங்கினார். நீங்களோ கார் கப்பலேறுவதற்கு முன்பே அதற்குப் பணம் கட்டியவர். தவிர, 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தில் 2017-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, சரக்கு இறங்கிய நேரத்துக்கும் உள்நாட்டுப் பயன்பாட்டுக்காக விடுவிக்கப்படும் நேரத்துக்கும் இடையில், 'இறக்குமதியாளர்' என்ற வரையறைக்குள் பெயரளவு உரிமையாளர் மட்டுமல்லாமல் பயனடையும் உரிமையாளரும் வருகிறார். உங்கள் கார் இன்னும் விடுவிக்கப்படவில்லை. ஆகவே நீங்கள் அப்பாவிக் கொள்முதலாளர் அல்ல, அத்தானுக்குப் பின்னால் நிற்கும் இன்னொரு இறக்குமதியாளர். அந்தத் தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டு கொச்சிக்குப் போனால், 'அப்படியானால் இந்தக் காரை யாரிடமிருந்து, எந்தத் தேதியில் வாங்கினீர்கள்?' என்ற கேள்விதான் முதலில் வரும்.

அத்தான் பெயரில் இருக்கும் இங்கிலாந்துப் பதிவுச் சான்றையும் பெரிதாக நம்ப வேண்டாம். வி5சி எனப்படும் அந்தத் தாளிலேயே, இது உரிமைக்கான சான்று அல்ல என்று அச்சிட்டிருக்கும். ஊர் திரும்புகிறவர் பிரிவில் ஒரு காரைக் கொண்டுவர, இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வெளிநாட்டில் தங்கியிருப்பதோடு, கார் குறைந்தது ஓராண்டு அவர் கைவசம் இருந்திருக்கவும் வேண்டும். முதலாவது அத்தானுக்கு இருக்கிறது, இரண்டாவது இல்லை. இந்தப் பிரிவு கைநழுவினால் உங்கள் சுப்ரா வெறும் பழைய காராகிவிடும். பழைய கார் தயாரிப்புத் தேதியிலிருந்து 3 ஆண்டுகளைத் தாண்டியிருக்கக் கூடாது, மும்பைத் துறைமுகம் வழியாகவே வர வேண்டும் என்பது இறக்குமதிக் கொள்கை. உங்களுடையது 2021-இல் தயாரானது, நிற்பதோ கொச்சியில். நிபந்தனையை மீறி வரும் சரக்கும் தடைசெய்யப்பட்ட சரக்கே என்று உச்ச நீதிமன்றம் 2003-இல் ஓம் பிரகாஷ் பாட்டியா வழக்கில் சொல்லிவிட்டதால், அபராதத்தைக் கட்டிவிட்டுக் காரை ஓட்டிவரலாம் என்பது உங்கள் உரிமை அல்ல, அதிகாரியின் விருப்புரிமை. பூடான் வழியாகக் கொண்டுவரப்பட்ட கார்களைத் தேடி 2025 செப்டம்பரில் 'ஆபரேஷன் நும்கோர்' என்ற பெயரில் சோதனை நடத்திய சுங்க அலுவலகத்தில், இறக்குமதிக் கார் விஷயத்தில் அந்த விருப்புரிமை தாராளமாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இனி என் கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்ப விழும் குழிகளுக்கு வருகிறேன்.

மார்த்தாண்டம் காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுத்தால் மனம் ஆறும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் புகாருக்கு ஆதாரமாக உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கையைத்தான் இணைப்பீர்கள். கார் உங்களுடையது, அத்தான் பெயர் வெறும் போர்வை என்பதை அந்தத் தாள் காட்டும். இன்வாய்ஸில் இருக்கும் விலை பொய் என்பதையும் அதே தாள் காட்டிக்கொடுக்கும். சுங்கத்துறை மாதக்கணக்கில் தேட வேண்டிய சாட்சியத்தை உங்கள் கையெழுத்தோடு நீங்களே சேர்த்துக் கொடுக்கிறீர்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைச் சுங்க அதிகாரி பெறுவதில் எந்தச் சிரமமும் இல்லை. குழித்துறை நீதிமன்றத்தில் பணம் கேட்டு வழக்குப் போட்டாலும் இதே கதைதான். அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. சட்டத்தை ஏமாற்றச் செய்துகொண்ட ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி செல்லாது, அதில் தெரிந்தே கூட்டுச் சேர்ந்த இருவரில் ஒருவருக்காக நீதிமன்றம் கை நீட்டாது. 'அத்தான் பெயரில் கொண்டுவந்து என் பெயருக்கு மாற்றித் தருவார்' என்ற வாக்கியத்தைத் தவிர்த்துவிட்டு உங்களால் மனுவே எழுத முடியாது, அதை எழுதினால் மனு நிற்காது.

இதைவிட ஆபத்தானது அந்தக் கைமாற்றுப் பத்திரம். 'பணம் அத்தானுக்குக் கடனாகக் கொடுத்தது, கார் அத்தானுடையதுதான்' என்று பழைய தேதியில் ஒரு தாள் எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தரகர்கள் எல்லோரும் சொல்வார்கள், அந்தத் தாளில் அவர்கள் மட்டும் கையெழுத்துப் போட மாட்டார்கள். கருங்கல் பக்கத்துக் கட்சிக்காரர் ஒருவர் இப்படித்தான் ஒரு பத்திரத்தைத் தயார் செய்து, என்னிடம் கேட்காமலேயே அதிகாரியிடம் நீட்டிவிட்டு வந்தார். அதிகாரி பத்திரத்தின் வாசகத்தைப் படிக்கவே இல்லை. தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் முத்திரைத்தாள் விற்பனையாளர் எழுதியிருந்த வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, விற்பனைப் பதிவேட்டை வரவழைத்தார். பத்திரத்தில் எழுதிய தேதிக்கு வெகு காலம் கழித்தே அந்தத் தாள் விற்பனையாகியிருந்தது. அதுவரை அபராதத்தோடு முடிந்திருக்க வேண்டிய விவகாரம் அன்று வேறாகிவிட்டது. தெரிந்தே பொய்யான ஆவணத்தைக் கொடுத்தால் சரக்கின் மதிப்பில் ஐந்து மடங்கு வரை தண்டம் விதிக்கச் சுங்கச் சட்டத்தின் 114ஏஏ பிரிவு இடம் தருகிறது. போலி ஆவணம் தயாரித்த குற்ற வழக்கு அதற்கு மேல் தனியாக வரும். இ-முத்திரைத்தாளில் இது இன்னும் எளிதாகப் பிடிபடும், வாங்கிய நிமிடம்கூட அதில் இருக்கும்.

அடுத்தது சம்மன். 108-ஆம் பிரிவின் கீழ் வந்த சம்மனுக்குப் போகாமல் இருக்க முடியாது. சுங்க அதிகாரி காவல் அதிகாரி அல்லர், அவரிடம் கொடுக்கும் வாக்குமூலம் சாட்சியமாகும் என்பது 1968-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம். 'மிரட்டி எழுதி வாங்கினார்கள்' என்று மாதங்கள் கழித்து மறுப்பதற்குப் பெரிய மதிப்பு இல்லை. உங்கள் குடும்பத்தில் இப்போது இருக்கும் மனநிலையில், 'எனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் மச்சான் செய்தது' என்று அத்தான் ஒரு நாளும், 'பெயர் கொடுக்க அத்தான்தான் முன்வந்தார்' என்று நீங்கள் இன்னொரு நாளும் சொல்லப்போகிறீர்கள். உறவினர் இருவரின் வாக்குமூலங்கள் முரண்படும் வழக்கில் இருவருமே தப்பியதை நான் பார்த்ததில்லை. அத்தானுடைய அபாயம் உங்களுடையதைவிடக் குறைந்தது அல்ல, ஏனென்றால் பில் ஆஃப் என்ட்ரி எனப்படும் இறக்குமதி அறிவிப்புப் படிவமும், நிரந்தரமாக ஊர் திரும்புகிறேன் என்ற உறுதிமொழியும் அவர் கையெழுத்தில் இருக்கின்றன. ரொக்கமாகக் கொடுத்த 6 லட்சம் எந்த வழியாகப் பவுண்டாக மாறியது என்று யாராவது கேட்டால், அது அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வேறொரு விசாரணை. அங்கே தண்டம் தொகையின் மூன்று மடங்கு வரை போகும்.

எனவே வெளிப்படையாகச் சொல்கிறேன்: காரை மறந்துவிடுங்கள். அபராதத்துடன் விடுவித்தாலும், அடிப்படைச் சுங்க வரி, அதன் மேல் வேளாண் உள்கட்டமைப்பு வரி, காரின் மதிப்போடு இவை இரண்டும் சேர்ந்த தொகை மீது 40 சதவீத ஜிஎஸ்டி என்று காரின் உண்மை மதிப்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வரியாகவே போய்விடும். அதன் பிறகும் அந்தக் கார் உங்கள் பெயருக்கு வராது, ஏனென்றால் ஊர் திரும்புகிறவர் பிரிவில் வரும் காரை இரண்டு ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. 'காரே வேண்டாம், விட்டுவிடுகிறேன்' என்று எழுதிக் கொடுத்து விலகலாமே என்று சிலர் கேட்பார்கள். குற்றம் நடந்ததாகத் தோன்றும் சரக்கின் உரிமையை அப்படிக் கைவிடச் சுங்கச் சட்டத்தின் 23-ஆம் பிரிவே அனுமதிப்பதில்லை.

நீங்கள் கேட்க வேண்டியது மறு ஏற்றுமதி. நடந்ததை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று காரணம் கேட்கும் அறிவிப்பை வாய்மொழியாகவே பெற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்து, மீட்பு அபராதமும் தண்டமும் செலுத்திக் காரை இங்கிலாந்துக்கே திருப்பி அனுப்ப அனுமதி கேளுங்கள். கிடைத்தே தீரும் என்று உத்தரவாதம் தர மாட்டேன், ஆனால் இத்தகைய வழக்குகளில் அதிகாரிகள் ஏற்கும் கோரிக்கை இது. வலது பக்க ஸ்டியரிங் காருக்கு இங்கிலாந்தில் வாங்க ஆள் இருக்கிறது, போட்ட பணத்தில் ஒரு பகுதியாவது திரும்பும். இரண்டு பேர் மீதும் வரும் தண்டத்தை நீங்களே ஏற்பதாக அத்தானிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நியாயம் யார் பக்கம் என்று பேசிக்கொண்டிருக்க இது நேரம் அல்ல. தரகரிடம் வழக்கறிஞர் மூலம் பேசி, அவருடைய கமிஷனையாவது வங்கி வழியாகத் திரும்பப் பெற முயலுங்கள், பாதி வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் பயப்படுவது உங்கள் புகாருக்கு அல்ல, உங்கள் வாக்குமூலத்தில் தன் பெயர் வருவதற்கு. பணம் தந்தால் பெயரைச் சொல்லாமல் இருப்பதாக மட்டும் பேரம் பேசிவிட வேண்டாம், அது இன்னொரு குற்றம்.

முடிவு வரும் வரை கார் துறைமுகத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வாடகை ஏறுகிறது, அதைச் சுங்கத்துறை கட்டாது. 49-ஆம் பிரிவின் கீழ் காரைக் கிடங்குக்கு மாற்றக் கேட்டால் அந்தச் செலவு குறையும். அந்த மனுவில் கையெழுத்திட வேண்டியவர் அத்தான். ஆகவே சம்மன் தேதிக்கு முன்பே அக்கா வீட்டுக்குப் போய் அவரிடம் பேசுங்கள், போகும்போது வழக்கறிஞர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள்.