மரபணு மாற்றுப் பயிர்கள் இல்லாமல் பசியைப் போக்க முடியுமா?

முடியும். பசிக்குக் காரணம் விளைச்சல் போதாததுதான் என்று எடுத்துக்கொள்வதால்தான் இந்தக் கேள்வியே வருகிறது. நான் வடசென்னை வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவள். செங்குன்றம் மில்களிலிருந்து எங்கள் பக்கத்துக் கடைகளுக்கு லாரி லாரியாக அரிசி வரும். அப்படியும் அடைமழையில் சித்தாள் வேலையும் மூட்டை தூக்கும் வேலையும் நின்றுவிட்டால் பல வீடுகளில் ராத்திரி அடுப்பு எரியாது. கடையில் அரிசி இருக்கும், வாங்கக் கையில் காசு இருக்காது.

நாட்டுக்கும் இதே கதைதான். 2001-ல் இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் சுமார் 6 கோடி டன் தானியம் குவிந்து கிடந்தது. அதே வருடம் ராஜஸ்தானில் வறட்சியால் மக்கள் பட்டினி கிடந்தார்கள். மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்ற உத்தரவு அந்த வழக்கில்தான் வந்தது. கிடங்கில் இருந்த தானியம் பட்டினி கிடந்தவர்களுக்குப் போய்ச் சேராததற்கு எந்த விதையும் காரணமில்லை.

பசுமைப் புரட்சியை நான் ஒரேயடியாகத் திட்ட மாட்டேன். 1960-களில் அமெரிக்கக் கோதுமைக் கப்பலுக்காகக் காத்திருந்த நாடு இது. ஆனால் நெல்லையும் கோதுமையையும் தூக்கிவிட்ட வேகத்தில் கம்பும் கேழ்வரகும் பின்னுக்குப் போயின. எங்கள் தெருவில் இப்போது கேழ்வரகுக் கூழ் என்றால் பெரும்பாலும் ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றுவதுதான். மற்ற நாளெல்லாம் ரேஷன் அரிசிச் சோறு. வயிறு நிரம்புகிறது, சரி. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனாலும் சோறும் ரசமுமாகவே ஓடும் தட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

ரசாயன உரத்தை நம்பிய இந்த விவசாயத்துக்கு வடசென்னை இன்னொரு விதத்திலும் விலை கொடுக்கிறது. வயலுக்குப் போகும் யூரியா மணலியில் தயாராகிறது. எண்ணூரில் உள்ள உர ஆலைக்குக் கப்பலிலிருந்து கடலடிக் குழாய் வழியாக அமோனியா வருகிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் அந்தக் குழாய் கசிந்தது. பெரியகுப்பம் சனங்கள் கண் எரிந்து, மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பலரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்தச் செலவையும் அதில் எழுத வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் பெரும்பாலும் வேறொரு உயிரின் மரபணுவைச் சேர்த்து உருவாக்கும் மரபணு மாற்றுப் பயிருக்கு வருவோம். உலகத்தில் அதிகம் பயிராவது சோயா, மக்காச்சோளம், பருத்தி. இவற்றில் பெரும்பங்கு மாடு, கோழி, பன்றித் தீவனமாகவும் எரிபொருளாகவும் நூலாகவும் போகிறது, பசித்தவன் தட்டுக்கு இல்லை. இந்தியாவில் 2002-ல் வந்த பிடி பருத்தி, காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைத் தானே உண்டாக்கும் மரபணு மாற்றுப் பருத்தி; அந்த நஞ்சையும் சில வருடங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு தாங்கப் பழகிவிட்டது. விவசாயிக்கு விதைச் செலவும் ஏறி, மருந்துச் செலவும் திரும்ப வந்தது. வைட்டமின் ஏ கிடைக்கும்படி மரபணு மாற்றிய பொன்னிற அரிசி 2000-லேயே பெரிதாகப் பேசப்பட்டது. பிலிப்பைன்ஸ் 2021-ல்தான் பயிரிட அனுமதி தந்தது, 2024-ல் அங்குள்ள நீதிமன்றம் அதை நிறுத்தியது. எதிர்ப்புதான் தாமதத்துக்குக் காரணம் என்பார்கள். எனக்கு அதைவிட முக்கியமான கேள்வி, வைட்டமின் ஏ போதாத குழந்தைக்கு ஏன் வெறும் சோறு மட்டும் கிடைக்கிறது என்பது. முருங்கைக்கீரையும் முட்டையும் கிடைத்தால் அந்த வைட்டமினோடு இன்னும் பலதும் சேர்ந்து கிடைக்குமே.

ஆய்வுக்கூடத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெள்ளத்தில் இரண்டு வாரம் மூழ்கினாலும் பிழைக்கும் ஸ்வர்ணா சப்-1 நெல் 2009-ல் நம் விவசாயிகளுக்கு வந்தது. மரபணு அறிவைப் பயன்படுத்தித்தான் அதை உருவாக்கினார்கள், ஆனால் இரண்டு நெல் ரகங்களை இனக்கலப்பு செய்து எடுத்த ரகம், மரபணு மாற்றுப் பயிர் இல்லை. பொதுப் பணத்தில் வந்தது. விவசாயி அடுத்த போகத்துக்கு விதை எடுத்து வைக்கலாம். அப்படிப்பட்ட வேலை நூறு நடக்கட்டும்.

எங்கள் பக்கம் பசியைக் குறைத்தவை எவை என்று பார்த்தால், காமராசர் 1956-ல் கொண்டுவந்த மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2011 முதல் இலவச அரிசி, ஒரு ரூபாய் இட்லி விற்ற அம்மா உணவகம், 2022-ல் வந்த பள்ளிக் காலை உணவு. இனிச் செய்ய வேண்டியதும் இந்த வழியில்தான் இருக்கிறது. 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தர ஆரம்பித்தார்கள். அதை விவசாயியிடம் நல்ல விலைக்கு வாங்கி வியாசர்பாடி, எண்ணூர் ரேஷன் கடைகளிலும் போட வேண்டும், கூடவே பருப்பின் அளவையும் கூட்ட வேண்டும்.