முன்பணம் கட்டும் முன்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் பூ வியாபாரி. விடியுமுன் மல்லிகைப்பூ மூட்டையோடு பைக்கில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய்வந்தவர். போன வருஷம் நான்குவழிச் சாலையில் லாரி மோதி, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கும்படி ஆகிவிட்டது. செயற்கைக் கால் போட்டு நாலு மாதம் ஆகிறது. நன்றாக நடக்கிறார். பழைய பைக்கையே ஓட்டுவேன் என்கிறார். என் தம்பி, ஸ்கூட்டர் வாங்கி இரண்டு பக்கமும் சக்கரம் வைத்துக்கொள்ளச் சொல்கிறான். இந்த வாரமே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று ஷோரூமில் சொல்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: அம்மா, இந்த வாரம் எதற்கும் முன்பணம் கட்டாதீர்கள். தள்ளுபடி தீபாவளிக்கும் வரும், பொங்கலுக்கும் வரும். உங்கள் வீட்டுக்காரர் நிலையில் இருந்து மறுபடி வண்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் மனம் தளர வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் செலவு செய்யவேண்டிய வரிசையில் வண்டி கடைசியாகத்தான் வருகிறது.

முதலில் கால். வெட்டிய இடத்தில் வீக்கம் வற்றி, சதை இளைத்து, கால் ஒரு நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். அதற்குள் முதல் சாக்கெட் (செயற்கைக் காலில் மிச்சக் கால் நுழையும் கிண்ணம்) தொளதொளவென்று ஆகிவிடும். மிச்சக் காலில் ஒரு சாக்ஸ் போட்டுச் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டிருந்தவர் இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போகிறாரா என்று கவனியுங்கள். அப்படியானால் சாக்கெட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது. தளர்ந்த சாக்கெட்டோடு நடந்தால் புண்தான் வரும். வண்டியில் இருந்துகொண்டு அந்தக் காலைச் சட்டென்று ஊன்றினால், கால் உள்ளே திரும்பி, ஆளும் வண்டியும் சேர்ந்து சாய வேண்டியதுதான். எனவே கையில் இருக்கும் பணத்தில் இரண்டாவது சாக்கெட்டுக்கு என்று ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டு, மீதியைத்தான் வண்டிக்கு என்று கணக்குப் போடுங்கள்.

என் சித்தப்பாவுக்கும் இடது கால்தான், இதே முழங்காலுக்குக் கீழே. நடையில் ஒரு குறையும் தெரியாது. ஆனால் ஸ்கூட்டரில் கால் மணி நேரம் உட்கார்ந்து இறங்கினால் முழங்கால் மடிப்பில் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருக்கும். சாக்கெட்டின் பின்பக்க விளிம்பு, முழங்காலை மடக்கும்போது சதையில் குத்தியிருக்கிறது. அளவு கொடுக்கப் போனபோது நின்று காட்டினோம், நடந்து காட்டினோம், வண்டியில் உட்காருவதுபோல உட்கார்ந்து காட்ட யாருக்கும் தோன்றவில்லை. பிறகு ஸ்கூட்டரையே அங்கே கொண்டுபோய் ஏறி உட்கார்ந்து காட்டினார். பின்விளிம்பைக் கொஞ்சம் இறக்கிச் சீவிக் கொடுத்தார்கள், அத்தோடு வலி நின்றது. உங்கள் வீட்டுக்காரர் அடுத்த சாக்கெட்டுக்கு அளவு கொடுக்கும்போது இதைக் கட்டாயம் கேளுங்கள்.

இனி வண்டி. பழைய பைக்கில் அவருக்குச் சிக்கல் கியர்தான், அது இடது காலில் இருக்கிறது. செயற்கைப் பாதத்துக்குக் கணுக்காலைத் தூக்கத் தெரியாது. லிவருக்கு அடியில் விரலை விட்டு மேலே தூக்கும் வேலை நடக்காது. முன்னும் பின்னும் மிதிக்கிற இரட்டை லிவர் உள்ள வண்டியில் முழுக்காலையும் அசைத்துக் குதிகாலால் அழுத்திச் சமாளிப்பவர்கள் உண்டு. அப்படியிருந்தும் பாதம் எங்கே இருக்கிறது என்ற உணர்வு அவருக்கு வராது. பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது பாதம் ஃபுட்ரெஸ்டிலிருந்து நழுவியதே தெரியாமல் போகும். நழுவுகிறதே என்று பாதத்தைக் கயிற்றாலோ பட்டையாலோ கட்டிவைக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். வண்டி சாயும்போது காலை எடுக்க முடியாது.

என் கருத்தில் கியர் இல்லாத ஸ்கூட்டர்தான் சரி. இரண்டு பிரேக்கும் கையில் இருக்கின்றன. பாதம் தட்டையான பலகையில் உட்கார்ந்திருக்கும். காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டாம். இன்னொரு நன்மையும் உண்டு. பைக் ஓட்டுகிறவர்கள் நிற்கும்போது இடது காலை ஊன்றுவதுதான் வழக்கம், ஏனென்றால் வலது கால் பிரேக்கில் இருக்கும். ஸ்கூட்டரில் வலது கால் சும்மா இருக்கிறது. இனி அவர் வலது காலைத்தான் ஊன்ற வேண்டும். சொல்வது எளிது, பழக்கம் விடாது. சித்தப்பா கண்மாய்க்கரையில் பழகிய முதல் வாரம் முழுக்க, நிற்கும் ஒவ்வொரு தடவையும் இடது காலே முன்னால் போனது. ஒரு முறை மணலில் அந்தப் பாதம் புதைந்து, நான் பின்னாலிருந்து வண்டியைப் பிடித்தேன். நம் சாலைகள் இடது ஓரத்தைப் பார்த்துச் சரிந்திருக்கும் என்பதால் வண்டி தானாகவே அந்தப் பக்கம் சாயப் பார்க்கும். வெறும் மைதானத்தில் ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்தி, வலது கால் தானாக இறங்கும்வரை ரோட்டுக்கு விடாதீர்கள்.

பூ மூட்டையைக் கால் பலகையில் வைக்கவே கூடாது. மூட்டை தள்ளிக்கொண்டு பாதம் வெளியே போகும். பின்னால் கேரியர் போட்டுக் கட்டுங்கள்.

உங்கள் தம்பி சொல்லும் பக்கச் சக்கரம் இரண்டு காலும் பலமில்லாதவர்களுக்குப் பெரிய வரம். ஆனால் சக்கரம் வைத்த வண்டி வளைவில் சாயாது, ஹேண்டிலைத் திருப்பித்தான் வளைக்க வேண்டும். வேகமாக வளைத்தால் ஒரு பக்கம் தூக்கும். மார்க்கெட் நெரிசலில் அகலமும் இடிக்கும். வலது கால் நல்ல பலமாக இருந்தால் முதலில் சக்கரம் இல்லாமல் ஓட்டிப் பார்ப்பதே நல்லது என்பேன். முடிவு டாக்டருடையது, ஆர்டிஓ ஆய்வாளருடையது. (சர்க்கரை நோயால் கால் இழந்தவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: மிச்சமிருக்கும் பாதத்திலும் மரமரப்பு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். உணர்வில்லாத பாதத்தை நம்பி வண்டியை நிறுத்த முடியாது.)

காகிதம் வண்டிக்கு முன். பழைய லைசென்ஸ் கையில் இருக்கிறதே என்று கிளம்பிவிடக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 16-வது பிரிவின்படி, உடல் நிலையைக் காரணம் காட்டி மருத்துவச் சான்று கேட்கவும் லைசென்ஸை ரத்து செய்யவும் அதிகாரிக்கு உரிமை உண்டு. நாமே படிவம் 1ஏ மருத்துவச் சான்றோடு போய்ச் சொல்லிவிடுவது நல்லது. வண்டியில் மாற்றம் செய்து ஓட்டுவதென்றால் அதற்கான லைசென்ஸ் வேறு வகை. அந்த வகை வண்டிக்கு முன்பு சட்டத்தில் இருந்த பழைய பெயரை எடுத்துவிட்டு 2019 திருத்தத்தில் 'மாற்றியமைக்கப்பட்ட வாகனம்' என்று வைத்தார்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லையென்றால் கலெக்டர் ஆபீஸில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். சலுகைகளுக்கு 40 சதவீதப் பாதிப்பு என்று சான்று வேண்டும், முழங்காலுக்குக் கீழ் இழந்தவருக்கு அது தாண்டிவிடும். அரசு இலவசமாகத் தரும் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் இரண்டு காலும் பாதிக்கப்பட்டவர்களுக்கானது, அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

இதெல்லாம் முடிந்து ஷோரூமுக்குப் போகும்போது அவர் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டே வரட்டும். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படுகிறதா பாருங்கள். சைடு ஸ்டாண்டு இடது பக்கம்தான் இருக்கும். அதை அந்தப் பாதத்தால் தேடி எடுக்க வருகிறதா என்று பத்துத் தடவை செய்து பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் வேறு கடைக்குப் போங்கள்.

கேள்வி: மேலூர். என் ஸ்கூட்டருக்கு ஒரு பட்டறையில் பக்கச் சக்கரம் பொருத்தினேன். இரண்டே மாதத்தில் வெல்டிங் விட்டுவிட்டது. பில் தரவில்லை, பணம் போனில் அனுப்பினேன். திரும்பப் போனால் "ரோடு சரியில்லை" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த வண்டியை எடுக்காதீர்கள். மறுபடி வெல்டு வைத்தும் ஓட்டாதீர்கள்.

பில் இல்லை என்பதால் வழக்கு இல்லை என்று ஆகாது. போனில் அனுப்பிய பணத்தின் பதிவு, விலை பேசிய வாட்ஸ்அப் செய்தி, உடைந்த இடத்தின் படம் எல்லாம் சாட்சி. உடைந்த துண்டைப் பட்டறையிடம் கொடுத்துவிடாதீர்கள். ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள், 15 நாள் தவணை கொடுங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். பதில் வராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. குறை நேர்ந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும்.

கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த மாற்றம் உங்கள் ஆர்சி புத்தகத்தில் ஏறியிருக்கிறதா? அனுமதியில்லாமல் மாற்றியதற்கு உரிமையாளர்மேல் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க 2019 திருத்தத்தில் இடம் உண்டு. அடுத்த முறை அங்கீகாரச் சான்று உள்ள பக்கச் சக்கரக் கிட் மட்டும் வாங்குங்கள். ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிறுவனம் கொடுத்த சான்றின் நகலைக் கேட்டு வாங்கி, அது உங்கள் வண்டி மாடலுக்கானதா என்று பாருங்கள். பில்லில் ஜிஎஸ்டி எவ்வளவு என்றும் பாருங்கள். மாற்றுத்திறனாளி வாகனங்களுக்கான இந்தக் கிட்டுக்கு 5 சதவீதம்தான் என்று 2021 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது. பில் இல்லாமல் வாங்கினால் மிச்சம் என்று நினைக்கிறோம், அந்த மிச்சம் உடைந்த வெல்டிங்கில் போய்விடுகிறது.

கேள்வி: ஸ்கூட்டருக்குச் சக்கரம் வைத்து ஆர்சியிலும் ஏற்றிவிட்டேன். இன்சூரன்ஸ்காரரிடம் சொன்னால் பிரீமியம் கூடுமா? சொல்லாமல் விடலாமா?

பதில்: சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால், விபத்து நடந்த பிறகு அதையே காரணமாகக் காட்டி கிளெய்மை நிறுத்தப் பார்ப்பார்கள். சொன்னால் பிரீமியம் குறையவே வழி இருக்கிறது. மாற்றுத்திறனாளிக்காக மாற்றியமைத்து ஆர்சியில் பதிந்த வண்டிக்கு, சொந்தச் சேதப் பகுதியின் பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடிக்கு மோட்டார் டாரிஃபில் (வாகன இன்சூரன்ஸ் கட்டண விதிகளில்) ஐஎம்டி 12 (IMT 12) என்ற தனிக் குறிப்பே உண்டு. மூன்றாம் நபர் பகுதிக்கு இது பொருந்தாது. ஆர்சி நகலோடு போய் "ஐஎம்டி 12 போட்டுக் கொடுங்கள்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கவுண்டரில் தெரியாது என்றால் எழுத்தில் கேளுங்கள். பாலிசி கைக்கு வந்ததும் அந்த எண் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.