கோடையில் பார்க்க வேண்டிய கூத்து

அன்புள்ள ஐயா,

கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு நல்ல நாடகம் காட்ட விரும்புகிறேன். சென்னை சபாக்களின் கோடை நாடக விழாவுக்கு ஆண்டுதோறும் போகிறோம். அதற்கு வெளியே, இந்த மாதங்களில் நேரில் சென்று பார்க்கத் தக்க நாடகம் எது? ஒருமுறை அரங்கில் ஒன்றரை மணி நேரக் கூத்து பார்த்தோம். மனதில் ஒட்டவில்லை.

செ., தாம்பரம்

அன்புள்ள செ.,

இரவு பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும்வரை ஆடுவதற்கென்று உருவான ஒரு கலையை ஒன்றரை மணி நேரத்துக்குள் அடக்கினால் அது யார் மனதிலும் ஒட்டாது. ஆகவே உங்களுக்கு நான் சொல்வதும் கூத்துதான். ஆனால் அதை அதன் ஊரில் பாருங்கள்.

செய்யாறு, வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரங்களில் பங்குனி தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் என்னும் மகாபாரத விழா நடக்கும். பிற்பகலில் பிரசங்கியார் தமிழ்ப் பாரதங்களான வில்லிபாரதத்தையோ நல்லாப்பிள்ளை பாரதத்தையோ படித்துப் பொருள் சொல்வார்; கூத்து தொடங்கியபின் இரவுதோறும் அந்தக் கதையை ஆடுவார்கள். வில்வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு வதம், கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று கதை நகரும். எல்லா இரவும் பார்க்க உங்களுக்கு வாய்க்காது. துகிலுரிதல் இரவும், துரியோதனன் போர்க்களத்தில் வீழும் படுகளம் காலையும் ஆகிய இரண்டை மட்டும் தவறவிடாதீர்கள். முதலாவதில் திரௌபதி கூந்தலை அவிழ்த்துச் சபதம் செய்கிறாள். இரண்டாவதில் அதை முடிக்கிறாள். இடைப்பட்ட நாட்களெல்லாம் அந்தச் சபதத்தைச் சுமந்தே ஊர் நடமாடுகிறது என்பதை இவ்விரண்டையும் ஒரே ஊரில் பார்த்தவர்களே உணர முடியும்.

துகிலுரிதலில் துரியோதனனின் திரைப் பிரவேசத்தைக் கவனியுங்கள். இருவர் ஒரு துணியைப் பிடித்திருப்பார்கள். மேலே கிரீடத்தின் நுனியும் கீழே சலங்கை கட்டிய கால்களும் மட்டும் தெரிய, அவர் உள்ளிருந்தே பாடுவார், பின்பாட்டுக்காரர்கள் அதை ஏந்துவார்கள். திரை விலகியதும் மத்தளத்தின் வேகத்துக்குக் கிறிக்கி அடித்துச் சுழலும்போது, தோளிலும் மார்பிலும் கட்டியிருக்கும் மரக்கட்டைகளில் பதித்த கண்ணாடித் துண்டுகள் விளக்கொளியை வாரி இறைக்கும். அதே இரவில், துகிலை உரியும் கட்டத்துக்கு முன் கற்பூரம் ஏற்றி வணங்குவார்கள். திரௌபதி வேடம் கட்டியவர் பெரும்பாலும் ஆண்தான். ஆனாலும் அந்த நேரத்தில் எதிரே அமர்ந்திருக்கும் பெண்களுக்கு அவர் அம்மன். சிலருக்கு அருள் வந்துவிடும். தயவுசெய்து அப்போது கைபேசியை நீட்டிப் படம் பிடிக்காதீர்கள்.

படுகளத்தன்று கோயிலருகே திறந்த வெளியில், மண்ணால் செய்த மிகப் பெரிய துரியோதனன் மல்லாந்து கிடப்பான். வேடம் கட்டிய பீமனும் துரியோதனனும் அவனைச் சுற்றிலும் அவன்மேலும் ஏறிச் சண்டையிடுவார்கள். தொடையில் அடி விழுந்து செந்நீர் வழிந்தபின் திரௌபதியின் கூந்தல் முடிக்கப்படும். துரியோதனன் மனைவி பெருந்திருவாள் முறமும் துடைப்பமுமாக வந்து புலம்புவதும் உண்டு. வென்றவர் பக்கமே நின்று பார்த்த கூட்டம் அவளுக்காகவும் அழுவதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். அன்று மாலை தீமிதி.

தஞ்சைப் பக்கம் போவதானால், நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளாவையும் பாருங்கள். மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரியின் தெலுங்கு நாடகங்களை ஆண்கள் மட்டுமே ஆடுகிறார்கள். பிரகலாத சரித்திரம் அதில் தலையாயது. மொழி புரியாவிட்டாலும் கதை தெரிந்த பிள்ளைகளுக்குச் சிரமமில்லை.

எந்த ஊரில் என்று என்ன கூத்து என்பதைச் சுவரொட்டியும் கோயில் நோட்டீஸும் நாள்வாரியாகச் சொல்லும். பாயும் போர்வையும் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளைகள் நடுவில் தூங்கினால் விட்டுவிடுங்கள், கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து சிரிப்புக் கிளம்பும்போது எழுப்பினால் போதும். கட்டணம் கிடையாது. ஆனால் பார்வையாளர்கள் கலைஞர்களுக்கு அன்பளிப்பு தருவது வழக்கம். உங்களால் இயன்றதைப் பிள்ளைகள் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள்.

அன்புடன்.