சிசிஎன்ஏவுக்கு அப்புறம் என்ன?

நெட்வொர்க் வேலையில் அடுத்த படிக்குப் போவது பற்றி நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. முக்கால்வாசி நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தின் சான்றிதழ்த் தேர்வுகளைப் பற்றியவை. அதில் சிசிஎன்ஏ ஆரம்பப் படி, சிசிஎன்பி நடு, சிசிஐஇ உச்சி. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கி இங்கே பதில் சொல்கிறேன்.

சென்னையில் ஒரு என்ஓசியில் (நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மையம்) மூன்று வருடமாக ஷிஃப்ட் வேலை. சிசிஎன்ஏ முடித்தாயிற்று. சிசிஎன்பியை விட்டுவிட்டு நேராக சிசிஐஇ எழுதலாமா? சிசிஎன்பி இல்லாமல் விடமாட்டார்கள் என்கிறார் டீம் லீட்.

விடுவார்கள். சிசிஐஇக்கு அப்படி ஒரு நிபந்தனை எப்போதுமே இருந்ததில்லை. சிசிஎன்பி எழுதத்தான் முன்பு சிசிஎன்ஏ தேவைப்பட்டது. 2020 பிப்ரவரி 24 அன்று பாடத்திட்டம் மொத்தமாக மாறியபோது அதுவும் போய்விட்டது.

ஆனால் "விட்டுவிட்டு" போவதில் மிச்சமாவது ஒன்றுமில்லை. சிசிஐஇ என்டர்பிரைஸ் லேபுக்கு, அதாவது செய்முறைத் தேர்வுக்கு, தகுதி பெற நீங்கள் எழுத வேண்டியது என்கோர், அதாவது 350-401. இரண்டு மணி நேரம், 400 டாலர், நம் ஊரில் ஜிஎஸ்டி தனி. சிசிஎன்பியின் முதல் தாளும் இதேதான். இதோடு 300 டாலர் கட்டி எனார்சி (300-410) எழுதினால் சிசிஎன்பி கையில். எனார்சியில் இருப்பது ரவுட்டர்கள் பாதையைப் பரிமாறிக்கொள்ளும் முறைகளான ஓஎஸ்பிஎஃப், இஐஜிஆர்பி, பிஜிபி, ஒன்றின் பாதைகளை மற்றொன்றுக்குக் கொடுக்கும் ரூட் ரீடிஸ்ட்ரிப்யூஷன், கிளைகளை இணைக்கும் டிஎம்விபிஎன். அத்தனையும் லேபில் எப்படியும் வரப்போகிறது. அதனால் என்கோர், எனார்சி, அப்புறம் லேப் என்ற வரிசையையே சொல்வேன். நடுவில் வேலை மாற நேர்ந்தாலும் ரெஸ்யூமேயில் எழுத ஒன்று இருக்கும்.

கணக்கில் வைக்க வேண்டியவை இரண்டு. என்கோர் தேறிய மூன்று வருடத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும். லேப் கட்டணம் ஒரு தடவைக்கு 1,600 டாலருக்குக் குறையாது. பெங்களூரில் லேப் இருப்பதால் விமானச் செலவாவது மிச்சமாகும்.

எங்கள் ஊர் இன்ஸ்டிட்யூட்டில் "ஒரிஜினல் கேள்விகள்" தருகிறார்கள், பாஸ் நிச்சயம் என்கிறார்கள். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்களாம். தப்பா? (கோவை)

தப்புதான். தேர்வு தொடங்கும் முன் திரையில் ஓர் ஒப்பந்தம் வருமே, யாரும் படிக்காமல் சரி என்று அழுத்துவது, அதை மீறும் காரியம் இது. பிடிபட்டால் சான்றிதழ் ரத்தாகும், மறுபடி எழுதத் தடையும் வரலாம். ஆனால் இதைச் சொல்லி யாரும் டம்ப்ஸை (இப்படிக் கசிந்த கேள்விகளை) விட்டதாக எனக்கு நினைவில்லை. ஆகவே வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நான் இன்டர்வியூ எடுக்கும்போது வழக்கமாகக் கேட்பது ஒன்று. இரண்டு ரவுட்டருக்கு நடுவே ஓஎஸ்பிஎஃப். ஒன்றுக்கொன்று பிங் (சோதனைப் பாக்கெட்) போகிறது. நெய்பர் உறவு மட்டும் எக்ஸ்ஸ்டார்ட் என்ற ஆரம்ப நிலையிலேயே நிற்கிறது, முழுதாக இணைந்த ஃபுல் நிலைக்கு வரவில்லை. ஏன்? "எம்டியு (ஒரு லிங்கில் போகக்கூடிய மிகப் பெரிய பாக்கெட் அளவு) பொருந்தவில்லை" என்று டம்ப்ஸ் படித்தவரும் பட்டென்று சொல்வார். அது கேள்வித்தாளில் வருகிற பதில்தான். சரி, அப்படியானால் பிங் எப்படிப் போனது என்று கேட்டால் அங்கேதான் மௌனம்.

லேபில் கை வைத்தவருக்கு இது தெரியும். சும்மா அடிக்கும் பிங் 100 பைட்தான். நெய்பரைக் கண்டுபிடிக்க ஓஎஸ்பிஎஃப் அனுப்பும் ஹலோ பாக்கெட்டும் சின்னது. இரண்டும் எந்த எம்டியுவிலும் நுழைந்துவிடும். ரவுட்டர்கள் தங்கள் டேட்டாபேஸ் விவரத்தைப் பரிமாறத் தொடங்கும்போதுதான் ஒவ்வொன்றும் தன் எம்டியுவை அந்தப் பாக்கெட்டில் எழுதி அனுப்புகிறது. தன்னுடையதைவிடப் பெரிய எண் வந்தால் எதிர்ப்பக்கம் அதை ஏற்காமல் தள்ளிவிடுகிறது. அதைக் கண்டுகொள்ளாதே என்று சொல்ல ஒரு கமாண்டும் உண்டு. போட்டால் நெய்பர் எழுந்து உட்காரும். நடுவில் உள்ள லிங்க் நிஜமாகவே பெரிய பாக்கெட்டைத் தாங்காவிட்டால், நெய்பர் ஃபுல் என்று காட்டும், பயனர்களின் டிராஃபிக் பாதியில் தொலையும். இந்த இரண்டாவது சிக்கல் முதலாவதைவிட மோசம், கண்டுபிடிக்கவும் நேரமாகும். இவ்வளவு தூரம் ஒருவர் பேசினால் சான்றிதழைக்கூட நான் கேட்பதில்லை.

தோற்றால்தான் என்ன? ஐந்து நாள் கழித்து மறுபடி எழுதலாம். பணம் போகும், அது வலிக்கும்தான்.

வீட்டில் பழகப் பழைய ரவுட்டர், சுவிட்ச் வாங்கலாமா? ரிச்சி ஸ்ட்ரீட்டில் சல்லிசாகக் கிடைக்கிறது.

வேண்டாம். சத்தம், சூடு, கரண்ட் பில். அதில் ஓடும் பழைய ஐஓஎஸ்ஸில் (சிஸ்கோ கருவிகளின் இயங்குதளம்) இன்றைய பாடத்தில் பலதும் இருக்காது. கம்ப்யூட்டரிலேயே பழகலாம். சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் மென்பொருள் சிசிஎன்ஏவோடு சரி. நிஜ ஐஓஎஸ் போல அது நடித்துக் காட்டுகிறதே தவிர, பாதி கமாண்டுகள் இல்லை. அதற்கு மேல் ஈவ்-என்ஜி, ஜிஎன்எஸ்3, சிஸ்கோவின் சிஎம்எல் இவற்றில் ஒன்று. சிஎம்எல்லில் ஐந்து கருவிகள் வரை இலவசமாக ஓட்டலாம். ஓஎஸ்பிஎஃப், பிஜிபி ஆரம்பத்துக்கு அதுவே போதும். பணம் இருந்தால் கம்ப்யூட்டர் மெமரியில் போடுங்கள். 32 ஜிபி இருந்தால் ரூட்டிங் லேப் நிம்மதியாக ஓடும். கேட்டலிஸ்ட் 9000 சுவிட்சின் மெய்நிகர் பதிப்பு மட்டும் ஒன்றுக்கே 16 ஜிபிக்கு மேல் கேட்கும், ஜாக்கிரதை.

துபாயில் இருக்கிறேன். சிசிஎன்பி இன்னும் நான்கு மாதத்தில் காலாவதி. எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டுமா?

தேவையில்லை. என்கோர் போன்ற ஏதாவது ஒரு கோர் தேர்வு, அல்லது எனார்சி போன்ற இரண்டு கான்சென்ட்ரேஷன் தேர்வுகள், அல்லது 80 தொடர்கல்வி கிரெடிட். ஒரு கான்சென்ட்ரேஷனும் 40 கிரெடிட்டும் என்று கலந்தும் முடிக்கலாம். சிஸ்கோ யு தளத்தில் அவ்வப்போது இலவசமாகவே சில கிரெடிட் தரும் படிப்புகள் வரும். உங்களுக்கு என் யோசனை, ஏற்கெனவே எழுதாத ஒரு கான்சென்ட்ரேஷன், கூடவே அந்த 40 கிரெடிட். எஸ்டி-வேன் (கிளை அலுவலக இணைப்புகளை மென்பொருளால் நடத்துவது) வேலை கையில் இருந்தால் அதையே எடுங்கள். தேதி தாண்டினால் சலுகைக் காலம் கிடையாது. கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள்.

மகன் இந்த வருடம் இன்ஜினியரிங் முடித்தான். சிசிஎன்ஏ முதல் சிசிஐஇ வரை ஒரே படிப்பு, வேலைக்கு உத்தரவாதம், சில லட்சம் கேட்கிறார்கள். கட்டலாமா ஐயா?

கட்ட வேண்டாம். சிசிஐஇக்கு ஐந்து முதல் ஏழு வருட அனுபவம் இருப்பது நல்லது என்று சிஸ்கோவே சொல்கிறது. அனுபவம் இல்லாத கையில் அந்தச் சான்றிதழைப் பார்த்தால் வேலை கொடுப்பவருக்குச் சந்தேகம்தான் வரும். சிசிஎன்ஏ மட்டும் படிக்கட்டும், சின்ன நிறுவனமானாலும் வேலைக்குப் போகட்டும். மிச்சத்தை அவன் சம்பளத்தில் அவனே எழுதிக்கொள்வான்.

எல்லாம் கிளவுடுக்குப் போகிறது. இனி ரூட்டிங் படித்து என்ன பயன்?

அலுவலகத்திலிருந்து அமேசான் கிளவுடுக்கு டைரக்ட் கனெக்ட் என்ற தனி லிங்க் இழுத்தால் அங்கே ஓடுவது பிஜிபி. லிங்க் இரண்டு இருந்து, எது முதல், எது பேக்கப் என்று தீர்மானிக்க வேண்டி வந்தால், நீங்கள் எனார்சிக்குப் படித்த ஏஎஸ் பாத், லோக்கல் பிரிஃபரன்ஸ் என்ற அதே பிஜிபி அளவுகோல்கள்தான் கைகொடுக்கும். புதிதாகப் பழக வேண்டியது அங்குள்ள விநோதங்களை: ஒவ்வொரு சப்நெட்டிலும் ஐந்து ஐபியை அமேசான் தனக்கென்று எடுத்துக்கொள்ளும், ஏ, பி, சி என்று மூன்று விபிசி (கிளவுடில் நமக்கான தனி நெட்வொர்க்) இருந்து, ஏ, பி-யோடும் பி, சி-யோடும் பியரிங்கில் (நேரடி இணைப்பில்) இருந்தாலும் ஏ-யிலிருந்து சி-க்குப் பாதை கிடைக்காது. அமேசானின் அட்வான்ஸ்டு நெட்வொர்க்கிங் தேர்வு 170 நிமிடம், 65 கேள்விகள், லேசானதல்ல. உங்கள் நிறுவனம் மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷூரில் இருந்தால் அதன் நெட்வொர்க் தேர்வான ஏஇசட்-700 எழுதுங்கள். அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், ஆனால் அந்தப் புதுப்பிப்புத் தேர்வு இணையத்திலேயே, இலவசம்.