ஏரிக்கரைத் தோட்டத்தில் மண் கரைகிறது

கேள்வி: மலேசியாவின் ஜோகூரில் ஏரியை ஒட்டிய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம், வார இறுதியில் போய் வருகிறோம். பின்புறத் தோட்டம் ஏரியை நோக்கிச் சரிகிறது. பெருமழை பெய்தால் கரையோரத் தண்ணீர் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்துக்கு மாறிவிடுகிறது. மாமரத்தின் வேர்களும் வெளியே தெரிகின்றன. கட்டுமானக் குத்தகையாளர் கான்கிரீட் சுவர் எழுப்பச் சொல்கிறார். செடிகளை வைத்தே தடுக்க முடியாதா?
– வாசகி, ஈசூன்

பதில்: பெருமளவு முடியும் அம்மா. ஆனால் செடி வாங்குவதற்கு முன், இடி மின்னல் இல்லாத ஒரு மழையில் குடையோடு பின்புறம் நின்று, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 5,000 லிட்டர் தண்ணீர் சேரும். அது முழுவதும் ஒரே குழாய் வழியாகச் சரிவின் உச்சியில் கொட்டினால் எந்தச் செடியும் தாங்காது. அந்தத் தண்ணீரை மூடிய குழாயில் அடிவாரம் வரை இறக்கி, கற்கள் பரப்பிய இடத்தில் விடுங்கள்.

அடுத்தது வெட்டிவேர். பானைத் தண்ணீரில் நாம் போடும் அதே வேர்தான். பக்கவாட்டில் படராமல் நேரே கீழே மூன்று மீட்டர் வரைகூட இறங்கும். நாற்றுகளை 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில், சரிவுக்குக் குறுக்கே, ஒவ்வொரு மீட்டர் இறக்கத்துக்கும் ஒரு வரிசையாக நடுங்கள். வரிசை மட்டமாக இருப்பது முக்கியம். கொத்தனார்கள் செய்வதுபோல, தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயின் இரு முனைகளையும் தூக்கிப் பிடித்து மட்டம் பாருங்கள். ஒரு முனை தாழ்ந்தால் தண்ணீர் அந்த வழியே ஓடி, அங்கேயே மண்ணை அரித்துவிடும். செடி வேர்பிடிக்கும் வரை வரிசைகளுக்கு இடையே தென்னை நார் வலையை முளையடித்துப் பரப்புங்கள். வாசனைக்கு ஆசைப்பட்டு வேரைப் பிடுங்கிவிடாதீர்கள்!

மாமர நிழலில் வெட்டிவேர் தேறாது. அங்கே பாண்டான் (ரம்பை) வைக்கலாம். வெளியே தெரியும் வேர்கள்மீது மண்ணைக் குவிக்காமல், காய்ந்த இலைகளை மெல்லியதாகப் பரப்பினால் போதும்.

அலை மோதும் விளிம்புக்கு, மண்ணை வடிகட்டும் துணிமீது அடுக்கிய கற்களும் இடையிடையே கோரையும் பொருந்தும். இதை நேரில் பார்க்க சிங்கப்பூரின் பீஷான்-அங் மோ கியோ பூங்காவுக்குச் செல்லுங்கள். அங்கே 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆறு, 2012இல் 3.2 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்தோடும் ஆறாகத் திறக்கப்பட்டது. கரையைப் பிடித்து நிற்பவை கற்களும் செடிகளும்தான். உங்கள் ஏரிக்கரை உங்களுக்குச் சொந்தமானதா என்பதை மட்டும் ஜோகூரில் உள்ள மாவட்ட நில அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

குத்தகையாளர் சொல்லும் கான்கிரீட் சுவரில் தண்ணீர் வெளியேறும் துளைகள் இல்லாவிட்டால் பின்னால் தேங்கும் தண்ணீரே அதைத் தள்ளிவிடும். ஆயினும், கரைக்கு இணையாகத் தரையில் வெடிப்பு ஓடினாலோ வேலிக்கால்கள் ஏரிப் பக்கம் சாய்ந்தாலோ, சரிவே நகர்கிறது என்று பொருள். அப்போது செடியை நம்பாமல் மண்ணியல் பொறியாளரை அழையுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் வேர் இறங்கும்படி, ஜூனுக்குள் நட்டு முடித்துவிடுங்கள்.